மலை இறங்கி வந்து ஒரு கிளாஸ்: கூட்டமாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மலையேற்றத்தை ஒருவர் திட்டமிடுவார், இறங்கி வந்து சாயங்காலம் குடிக்க உட்காரும் இடத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்வார். பெரும்பாலான சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மேலே குடிக்காமல் விட்ட தண்ணீரும் சாப்பிடாமல் விட்ட மதியச் சாப்பாடும் மேசைக்கு வந்த பிறகுதான் வேலையைக் காட்டும்.

முதலில் நேரக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர் பாதையில் 600 மீட்டர் ஏற வேண்டுமென்றால் 3 மணி நேரம். ஆனால் அது பழகிய கால்களுக்கு, இடையில் நிற்காமல் நடந்தால். எட்டுப் பேர் கூட்டம் என்றால் ஷூ லேஸ், செல்ஃபி, ஒதுங்கப் போவது என்று பாதி நேரம் கூடும். சாப்பாட்டுக்கு அரை மணி. ஆக, 5 மணி நேரம். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கீழே இருக்கும்படி பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். மேசையை இறங்கும் நேரத்துக்கே முன்பதிவு செய்யாதீர்கள், இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். "லேட்டாகுது, சீக்கிரம் வாங்க" என்று விரட்டும் கடைசி ஒரு கிலோமீட்டரில்தான் கணுக்கால் பிசகும்.

அடுத்தது, யாரும் தவறென்றே நினைக்காத ஒன்று. வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய் ஒரு பாறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் மூச்சு வாங்குவார்கள். கடைசி ஆள் வியர்த்து வழிய வந்து சேர்ந்ததும், "வந்தாச்சா, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். யாருக்கு ஓய்வு தேவையோ அவருக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. மூன்றாவது பாறையில் அவருக்குக் கால் பிடித்துக்கொள்ளும். கடைசி ஆள் வந்த பிறகே ஓய்வு நேரம் தொடங்க வேண்டும். பாதை தெரிந்தவர்களில் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று தலையை எண்ணுங்கள்.

இறக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவது அப்போதுதான். மறுநாள் மாடிப்படியில் முனக வைப்பதும் அதுவே. ஷூவுக்குள் கால் முன்னால் சறுக்கினால் பெருவிரல் நகம் கறுத்துப்போகும். இறங்குமுன் உட்கார்ந்து லேஸை அவிழ்த்து, குதிகாலைப் பின்பக்கம் ஒட்டத் தள்ளி, கணுக்கால் மடியும் இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் அளவில். வெயில் அடித்தால் இன்னும் கூடுதலாக. உப்புள்ள தீனி ஏதாவது கூடவே இருக்கட்டும்.

உச்சியில் பாட்டிலைத் திறப்பது வேண்டவே வேண்டாம். குளிருக்கு இதம் என்பது பொய். மது தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிப்பதால் சூடாகத் தோன்றும். உண்மையில் உடலின் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். இறங்கும் பாதை வேறு பாக்கி இருக்கிறது.

கீழே வந்ததும் தாகத்துக்கு முதல் பீரை மடமடவென்று கவிழ்ப்பது அடுத்த தவறு. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை மது அடக்குவதால், ஏற்கெனவே வற்றிய உடல் இன்னும் வற்றும். பல மணி நேரம் நடந்ததில் ஈரலின் சர்க்கரை இருப்பும் குறைந்திருக்கும். புதிதாகச் சர்க்கரை தயாரிக்க விடாமல் மது ஈரலைத் தடுக்கும். வெறும் வயிற்றில் தலைசுற்றி, கை நடுங்கினால் அதைப் போதை என்று நினைத்துச் சிரிப்பார்கள். அது சர்க்கரை இறங்கியதாகவும் இருக்கலாம். ஈர பனியனை மாற்றி, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, வயிறாரச் சாப்பிட்ட பிறகு முதல் கிளாஸ்.

முழங்கால் வலிக்கு இபுப்ரோஃபென் மாத்திரை போட்டுக்கொண்டு குடிக்க உட்காராதீர்கள். வயிற்றுப் புண்ணுக்கு அது வழி, நீர் வற்றிய சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

வண்டி ஓட்டுபவர் யார் என்பதைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள். 5 சதவீத பீர் 330 மில்லியில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அது உடலை விட்டுப் போக ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். காபியோ பச்சைத் தண்ணீர்க் குளியலோ அதை விரைவுபடுத்தாது. ஓட்டுபவருக்கு "ஒண்ணே ஒண்ணு" என்று நீட்டாதீர்கள். குடிக்காத நண்பர் ஒருவர் இருக்கிறார் என்பதற்காக ஒவ்வொரு முறையும் அவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, கடைசியில் பில்லையும் சமமாகப் பிரித்தால், அடுத்த மலைக்கு அவர் வரமாட்டார்.