அம்மாவின் முட்டிக்கு எந்த ஆபரேஷன்?

அம்மா முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். காண்டா என்ற தோள்தடியில் இரண்டு வாளிப் பாலைச் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கிய முட்டி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தெருவில் பாதிக் கிழவிகள் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார்கள். கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்ற பயம் எல்லோருக்கும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) கடிதம் வாங்கி எலும்பு நிபுணரிடம் போங்கள். எக்ஸ்ரே நின்றபடி எடுக்க வேண்டும். படுத்து எடுத்தால் தேய்மானம் குறைவாகத் தெரியலாம். அம்மா நின்று எடுத்த படத்தில், உள்பக்கம் எலும்பும் எலும்பும் ஒட்டியே இருந்தன.

எது தேய்ந்தது என்பதைப் பார்த்துத்தான் ஆபரேஷன். ஜவ்வு கிழிந்து, முட்டியை நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால் நுண்துளை சிகிச்சை, அதாவது சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்வது. வெறும் தேய்மானத்துக்கு அதைச் செய்வதில் பலன் இல்லை. யாராவது சொன்னால் இரண்டாவது டாக்டரைக் கேளுங்கள். வயது குறைவு, கால் வளைந்து ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால் முட்டிக்குக் கீழ் எலும்பை வெட்டி நிமிர்த்தலாம். ஒரு பக்கம் மட்டும் போய், தசைநார்கள் உறுதியாக இருந்தால் பாதி மூட்டு மாற்று. மற்றபடி முழு மாற்று. அம்மாவுக்கு அதுதான். முட்டியையே அறுத்து எடுப்பதில்லை. தேய்ந்த முனைகளைச் சீவி உலோகம் பொருத்தி, நடுவில் கெட்டி பிளாஸ்டிக் வைக்கிறார்கள். பத்தில் எட்டு, 25 வருஷம் வரை உழைக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியிலும் அந்தச் செயற்கை மூட்டுக்கு நாம் பணம் கட்ட வேண்டியிருக்கலாம். தேதி குறிக்கும் முன்பே அங்குள்ள சமூகநலப் பிரிவில் உதவி கேளுங்கள். சர்க்கரை, சொத்தைப் பல், கால் புண் எல்லாவற்றையும் முதலில் சரி செய்யுங்கள். கிருமி புது மூட்டில் போய் உட்கார்ந்தால் பெரும்பாடு. குந்தும் கக்கூஸ் என்றால் மேலே வைக்க ஒரு நாற்காலி வாங்கி வையுங்கள்.

மறுநாளே வாக்கரோடு நடக்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வலி தாங்காமல் அம்மா கேட்க, முட்டிக்கு அடியில் தலையணை வைத்தேன். பிசியோ பார்க்க வந்த பெண் அதை உருவி எடுத்துவிட்டு, துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். முட்டி தானாகக் கீழே இறங்கி நிமிர வேண்டுமாம். மடங்கியே கிடந்தால் அப்படியே இறுகிவிடும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நிமிஷம் கிடந்தார். அப்புறம் தினமும் நானே வைத்துவிட்டேன்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால், காய்ச்சலோடு காயத்தில் நீர் கசிந்தால், அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள். மூச்சு திணறினால் உடனே 999-க்கு ஃபோன் செய்யுங்கள்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். அம்மா இப்போது கோயில் படியில் அதை வாய்விட்டுச் சொல்லியபடியே ஏறுகிறார்.