கூரஸ் போகிறீர்களா? மேட்டிலிருந்து தொடங்குங்கள்

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில், ஃபோர்த் முகத்துவாரக் கரையில் இருக்கும் பழைய ஊர் கூரஸ். பலகையில் உள்ள எழுத்தை வைத்து 'கல்ராஸ்' என்று வழி கேட்காதீர்கள். ஊரில் ரயில் நிலையம் கிடையாது. டன்ஃபெர்ம்லினில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். தெருவெல்லாம் கல் பாவியது, மழையில் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ கட்டாயம்.

முதலில் மேட்டில் ஏறி, 1217-இல் தொடங்கிய மடாலயத்தைப் பாருங்கள். அப்புறம் மெதுவாக இறங்கி, சந்தைத் தூணைக் கடந்து மஞ்சள் நிற அரண்மனைக்கு வாருங்கள். பெயர்தான் அரண்மனை, 1597-இல் ஜார்ஜ் புரூஸ் என்ற வணிகர் கட்டத் தொடங்கிய வீடு அது. கடலுக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டி நிலக்கரி எடுத்தவர் அவர்! உள்ளே வண்ணம் தீட்டிய மர விதானங்களை அண்ணாந்து பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.