காரின் முன் ஷாக், ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக இறங்கினாலும் முன்பக்கம் 'டொக்' என்று அடிக்கிறது, பிரேக் பிடித்தால் வண்டி மூக்கு குத்துகிறது, பள்ளம் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று தரம் ஆடித்தான் அடங்குகிறது. இப்படி இருந்தால் முன் ஷாக் அப்சார்பரைப் பார்த்தே ஆக வேண்டும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு, சக்கர இடைவெளியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாக்கின் மேல் எண்ணெய் வழிந்து, அதில் மண் அப்பிப் பிசுபிசுவென்று இருந்தால் சீல் போய்விட்டது. லேசான ஈரம் மட்டும் என்றால் அவசரமில்லை.

ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் கீழ்க் கடைசிச் சுருளில். ஸ்பிரிங் உட்காரும் தட்டு மறைத்துக்கொள்வதால் சட்டென்று தெரியாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் வளைவு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் நன்றாக இறங்கியிருந்தால் ஸ்பிரிங் மேல்தான் முதல் சந்தேகம்.

நம் ஊர்ச் சின்னக் கார்களில், ஸ்விஃப்ட்டோ ஐ10-ஓ, முன்பக்கம் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் வடிவமைத்த முறை அது. ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே துண்டாக இருக்கும். கீழே நக்கிளில் (சக்கரம் பூட்டியிருக்கும் இரும்புத் துண்டு) இரண்டு பெரிய போல்ட், மேலே போனட்டுக்குள் சில நட்டுகள், அவ்வளவுதான் பிடிப்பு. அதனால்தான் வீட்டிலேயே கழற்ற முடிகிறது.

வாங்க வேண்டியவை

ஷாக்கை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி நேராக நிற்காது. ஸ்பிரிங் மாற்றினாலும் அப்படியே. கூடவே மேல் மவுண்ட் (ஷாக்கின் உச்சியை வண்டி உடலோடு பிடிக்கும் ரப்பர் தாங்கி), அதன் பேரிங், பம்ப் ஸ்டாப்பர் (ஷாக் முழுக்க அமுங்கி முட்டாமல் தடுக்கும் துண்டு), டஸ்ட் கவர், புது லாக் நட்டு எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். பழைய மவுண்டை அப்படியே போட்டால் சத்தம் போகாது, இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வரும். இடது, வலது ஷாக் வேறு வேறு என்பதால் கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

கருவிகளில் நல்ல ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, பாக்ஸ் ஸ்பேனர் செட், ஆலன் கீ, துருவிளக்கி ஸ்பிரே, டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்) இவை போதும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கழற்றுவது

முந்தின நாள் இரவே நக்கிள் போல்ட்டுகளிலும் லிங்க் ராட் (ஸ்டெபிலைசர் பாரின் நுனியைப் பிடிக்கும் சின்னக் கம்பி) நட்டிலும் துருவிளக்கி அடித்து ஊறவிடுங்கள். காலையில் பாதி வேலை குறைந்திருக்கும்.

தரை சிமென்ட்டாக இருக்க வேண்டும். மண் தரையிலோ சரிவிலோ இந்த வேலை வேண்டாம். பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை லேசாகத் தளர்த்துங்கள். பிறகு முன்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் (வண்டி சாயாமல் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பி) முறுக்கிக்கொண்டு லிங்க் ராட் வர மறுக்கும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் எந்தக் காலத்திலும் கை, தலை நுழைக்காதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் முட்டும் வேண்டாம், பாரத்தில் சட்டென்று நொறுங்கிவிடும்.

சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் ஷாக்கில் பிடித்திருக்கும் கிளிப்பிலிருந்து விடுவியுங்கள். லிங்க் ராட் ஷாக்கோடு சேர்ந்திருந்தால் அதையும் கழற்றுங்கள். நக்கிள் போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால், ஷாக்கும் நக்கிளும் சேரும் இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டு, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட் எந்தத் திசையிலிருந்து நுழைந்திருக்கிறது என்பதும் அதில் தெரியட்டும்.

நக்கிள் போல்ட் இரண்டும் வந்ததும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். சாய விட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் கழன்று வரவும் வாய்ப்புண்டு. ஒரு கம்பியால் கட்டி நிறுத்துங்கள். அப்புறம் ஒருவர் ஷாக்கைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் மேல் நட்டுகளைக் கழற்றலாம். சில வண்டிகளில் வைப்பருக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்தால்தான் இவை தெரியும். நடுவில் தனியாகப் பெரிய நட்டு ஒன்று இருந்து, மவுண்டைச் சுற்றிலும் வேறு நட்டுகளும் இருந்தால், அந்த நடு நட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஸ்பிரிங்: இங்கேதான் ஆபத்து

சக்கரம் தொங்கிவிட்டதே, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. வெளியே எடுத்த ஸ்ட்ரட்டிலும் ஸ்பிரிங் அமுங்கியேதான் இருக்கிறது. சுமார் 1,000 கிலோ எடையுள்ள காரில் எஞ்சின் முன்னால் இருப்பதால், ஒரு முன் ஸ்பிரிங் ஏறத்தாழ 300 கிலோவைத் தாங்குகிறது. அவ்வளவு வலுவுள்ள ஸ்பிரிங்கை அந்த நடு நட்டுதான் பிடித்து வைத்திருக்கிறது. கம்ப்ரஸர் போடாமல் அதைக் கழற்றினால் மவுண்ட் குண்டு போலப் பாயும்.

முதல் தடவை செய்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கழற்றிய இரண்டு ஸ்ட்ரட்டையும் புது உதிரிகளையும் எடுத்துக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குப் போங்கள். சுவரில் பொருத்திய கம்ப்ரஸரில் கொஞ்ச நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள், இதை மட்டும் விட்டுவிடலாம்.

நீங்களே செய்வதென்றால், கொக்கி வைத்த கம்ப்ரஸரில் மரை சுத்தமாக இருக்கிறதா, கொக்கியில் வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜோடியாக வரும் கம்ப்ரஸர் இரண்டையும் ஸ்பிரிங்கின் நேரெதிர்ப் பக்கங்களில், முடிந்தவரை அதிகச் சுருள்களைச் சேர்த்துப் பிடிக்கும்படி மாட்டுங்கள். கை ஸ்பேனரால் இந்தப் பக்கம் சில சுற்று, அந்தப் பக்கம் சில சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம். ஸ்பிரிங்கின் நுனிக்கு நேராக முகமோ உடம்போ இருக்கக் கூடாது. தட்டிலிருந்து விடுபட்டு, ஸ்பிரிங்கைக் கையால் லேசாகச் சுழற்ற முடிந்த பிறகுதான் நடு நட்டு. ஷாக்கின் தண்டும் சேர்ந்து சுற்றினால் ஆலன் கீயால் பிடித்துக்கொள்ளுங்கள்.

புது ஷாக்கை நிமிர்த்தி வைத்து, தண்டை முழுக்க அமுக்கி முழுக்க இழுத்துச் சிலமுறை செய்யுங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறி, நடுவில் வெற்றாகப் போகும் உணர்வு நின்றுவிடும். பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர், ஸ்பிரிங், மவுண்ட் என்று பழைய வரிசையிலேயே அடுக்குங்கள். ஸ்பிரிங்கின் கீழ் முனை, தட்டில் உள்ள படியில் முட்டி நிற்க வேண்டும். விலகியிருந்தால் ஸ்டியரிங் திருப்பும்போது 'டங்' என்று துள்ளும். நடு நட்டை முறுக்கி முடித்த பிறகே கம்ப்ரஸரைத் தளர்த்துங்கள், அதுவும் மாற்றி மாற்றித்தான்.

திரும்பப் பூட்டுவது

மேல் நட்டுகளை முதலில் கையால் பூட்டிவிட்டு, நக்கிளைக் கோட்டுக்கு நேராக வைத்துப் போல்ட் போடுங்கள். இறுக்கும் அளவுகள் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதன்படி டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். ஹோஸ், வயர் கிளிப்புகளை மறக்க வேண்டாம். ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி, எதுவும் இழுபடவில்லை என்று பார்த்துவிட்டுச் சக்கரத்தை மாட்டுங்கள்.

முதல் ஓட்டம் தெருவுக்குள்ளேயே, மெதுவாக. சத்தம் எதுவும் இல்லையென்றால் நேரே வீல் அலைன்மென்ட் கடைக்கு விடுங்கள். கோடு போட்டு வைத்துப் பூட்டினாலும் கேம்பர் (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணம்) கொஞ்சம் மாறியிருக்கும், அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயர் ஓரம் தேயும். 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டு, நக்கிள் போல்ட், மேல் நட்டுகளை இன்னொரு தரம் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.