நசுங்கின தகட்டை உடனே நிமிர்த்தாதே: ஒரு பஸ் பாடி மேஸ்திரியின் விமானக் குறிப்பு

31 வருடம் பேருந்துப் பணிமனையில் பாடி செக்‌ஷனில் இருந்துவிட்டு இப்போது காட்பாடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். தகடு வெட்டுவது, ரிவெட் அடிப்பது, புளியமரத்தில் மோதி வந்த வண்டியின் மூக்கை நிமிர்த்துவது, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை. மகள் இங்கே நர்ஸிங் படித்துவிட்டு இங்கிலாந்தில் வேலை பார்க்கிறாள். பேரன் பிறந்த சமயத்தில் ஆறு மாதம் அங்கே போய் இருந்தேன். மூன்றாவது வாரமே கை நமநமவென்று அரிக்க ஆரம்பித்துவிட்டது. நான் பேரனின் தொட்டில் ஸ்க்ரூவை நாலாவது முறை முறுக்குவதைப் பார்த்த மருமகன், என்னை ஒரு கொட்டகைக்குக் கூட்டிப்போனார்.

உள்ளே, நொறுங்கிக் கிடந்த ஒரு போர்க்கால விமானத்தைச் சம்பளம் வாங்காத பதினைந்து பேர் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். எந்த விமானம், எந்த ஊர் என்பதை அவர்களே சொல்லிக்கொள்ளட்டும். திரும்பி வந்ததிலிருந்து எங்கள் தெருப் பையன்கள் "எப்படி மேஸ்திரி, நொறுங்கினத எப்படிக் கட்டுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

அங்கே போய்ச் சேர ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். பிரிட்டனுக்கு விசிட்டர் விசாவில் போனால், பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்றில் மொத்தம் 30 நாள்தான் தன்னார்வ வேலை செய்யலாம். நான் செவ்வாய், வியாழன் என்று வாரத்துக்கு இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டேன். ஒரே மூச்சில் 30 நாளையும் தீர்த்துவிட்டால் அப்புறம் தொட்டில் ஸ்க்ரூதான்.

சரி, எதற்கு இந்த வீண் வேலை என்று என் மனைவி கேட்டாள். ஃபேரி பாரகூடா என்று ஒரு விமானம், பிரிட்டிஷ் கடற்படையுடையது. 2,500க்கும் மேல் கட்டினார்கள். இன்றைக்கு உலகத்தில் முழுசாக ஒன்றுகூட இல்லை. யோவில்டனில் இருக்கும் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் பல சிதைவுகளைச் சேர்த்து ஒன்றை எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நமக்குச் சம்பந்தமில்லாத வண்டி என்று நினைக்க வேண்டாம். 1944 ஏப்ரலில் சுமத்ரா பக்கம் சபாங் துறைமுகத்தைத் தாக்கப் போனது இந்த பாரகூடாதான். இந்தியப் பெருங்கடல் வெக்கையில் மூச்சு வாங்கி, அதன் இடத்துக்கு அமெரிக்க அவெஞ்சர் வந்தது. அந்தக் காலத்தில் தாம்பரத்திலும் கோயம்புத்தூரிலும் அந்தக் கடற்படைக்கு விமானத் தளங்கள் இருந்தன. நம் அரக்கோணம் ஓடுதளமும் அந்தப் போர் சமயத்தில் போட்டதுதான். 1992ல்தான் அது நம் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளம் ஆனது. 2,500 வண்டியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றால் ஒரு பாடி மேஸ்திரிக்கு வயிறு எரியாதா?

முதல் வேலை தேடுவது. எல்லா விமானமும் சேற்றுக்குள் இருக்காது. ஆர்4118 என்ற எண்ணுள்ள ஹரிகேன் சண்டை விமானம், இரண்டாம் உலகப் போரின் பிரிட்டன் வான்சண்டையில் பறந்தது, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கிடந்தது. பீட்டர் வேச்சர் என்பவர் அதை 1982ல் பார்த்தார், 2001ல்தான் இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முடிந்தது, 2004 டிசம்பரில் அது பறந்தது. யார்க்‌ஷயரில் எல்விங்டனில் நிற்கும் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தின் உடல் பகுதி ஒன்று, ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் கோழிக்கூடாக இருந்தது. இறக்கைகள் ஹேஸ்டிங்ஸ் என்ற வேறொரு விமானத்திலிருந்து வந்தவை. 1996 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை அன்று அதை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆகவே கோழிக்கூடு, காயலான் கடை, கல்லூரிப் பட்டறையின் பின்பக்கம், இங்கெல்லாம் பார்த்துவிட்டு அப்புறம் சேற்றில் இறங்கலாம்.

சேற்றில் இறங்குவதற்கு முன்னால் சட்டம். பிரிட்டனில் 1986ல் வந்த சட்டப்படி, ராணுவப் பணியில் விழுந்த விமானத்தை அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. உள்ளே ஆட்கள் இருக்கலாம். நம் அருணாசலக் காடுகளிலும் அப்படி விழுந்து கிடக்கிற அமெரிக்க விமானங்கள் உண்டு, அவை சமாதிகள். எலும்போ, துணியோ, பூட்ஸோ கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட்டு அதிகாரிகளைக் கூப்பிட வேண்டும். தோட்டா, குண்டு என்றாலும் அதேதான்.

கொட்டகைக்கு வந்த பிறகும் ஆபத்து இருக்கிறது. இருட்டில் ஒளிர்வதற்காக அந்தக் காலத்து மீட்டர் முகப்பில் ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி செத்துப்போயிருக்கும், ஆனால் ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். கண்ணாடியைத் திறக்காதே, சுரண்டாதே, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகாதே. சில வார்ப்புப் பாகங்கள் மக்னீசியம். கிரைண்டர் வைத்தால் அந்தத் தூள் பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் என் கையில் ஒரு தகடு கொடுத்தார்கள். முழங்கை நீளம், வாலின் தோல், அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. கொடுத்தவர் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் புரிந்தது ஒரு பாதி. பஸ் பழக்கம், கட்டையில் வைத்துச் சுத்தியை எடுத்தேன். பத்து நிமிடத்தில் கண்ணாடி மாதிரி நிமிர்த்தி, மேலே இருந்த அழுக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளவென்று வைத்தேன். திரும்பி வந்தவர் பார்த்தார். திட்டவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தாலே தேவலை. நான் தேய்த்தது அழுக்கில்லை. அதில் தொழிற்சாலை அடித்த பாக எண்ணும், சோதித்தவர் முத்திரையும், 1940களின் பெயிண்டும் இருந்தன. சுருண்ட மடிப்பு எந்தத் திசையில் எவ்வளவு என்பதும் போய்விட்டது.

பஸ் பாடிக்கு மாதிரி அச்சு இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு பஸ் நிற்கிறது. இந்த வண்டிக்கு வரைபடம் பாதி தொலைந்துவிட்டது. நசுங்கின தகடேதான் வரைபடம். அதை அழித்தால் மறுபடி வரைய யாருமில்லை.

அதனால் முதலில் படி. ஒவ்வொரு துண்டுக்கும் கம்பியில் கட்டிய டேக், எண், எங்கே கிடைத்தது என்ற குறிப்பு, ஸ்கேல் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கமும் போட்டோ. அப்புறம் வெறும் தண்ணீர், மென்மையான பிரஷ். பிரஷர் வாஷரைப் பக்கத்தில் கொண்டுவராதே. பெயிண்ட் இல்லாத ஓரத்தில் மைக்ரோமீட்டர் வைத்துக் கனம் பார். பழைய பிரிட்டிஷ் தகடு நம் பட்டறை பேசுகிற அதே கேஜ்தான்: 22 கேஜ் என்றால் 0.71 மில்லிமீட்டர், 20 என்றால் 0.91, 18 என்றால் 1.22. இந்த ஒரு விஷயத்தில் அங்கே இருந்த எஞ்சினியரைவிட நான் வேகம். விரலால் தடவியே சொல்லிவிடுவேன்.

ரிவெட் ஓட்டைகளைப் படிக்க ஒரு சின்ன வழி. தகட்டின் மேல் பட்டர் பேப்பரை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய். சின்ன வயதில் நாலணா காசுக்கு மேல் வைத்துத் தேய்ப்போமே, அது மாதிரி. சுருங்கின இடத்தில் பேப்பரையும் கூடவே மடக்கிக்கொண்டு போக வேண்டும். விரித்தால் தகடு நசுங்குவதற்கு முன் இருந்த அளவு கிட்டத்தட்டக் கிடைக்கும். ஓட்டைகளின் இடைவெளி சீராக வந்தால் சரி; ஓரிடத்தில் மட்டும் அதிகமானால் அங்கே தகடு இழுபட்டிருக்கிறது. இடது பக்கத் துண்டு இல்லையா, வலது பக்கத்துப் பேப்பரைத் திருப்பிப் போடு. இறக்கையும் வாலும் பெரும்பாலும் கண்ணாடிப் பிம்பம்தான்.

அடுத்து, தகடு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. காசால் தட்டு. 'டிங்' என்றால் நல்லது. 'டப்' என்றால் உள்ளே உரிந்திருக்கிறது. விமானத் தகடு செய்கிற அலுமினியக் கலவைக்கு டியூரலுமின் என்று பெயர்; உப்புத் தண்ணீரில் கிடந்தால் அது பேக்கரி பஃப்ஸ் மாதிரி அடுக்கடுக்காக ஊதிவிடும், அதை எந்த மேஸ்திரியாலும் நிமிர்த்த முடியாது. இரும்பு போல்ட் அலுமினியத்தைத் தொட்டிருந்த இடத்தைத் தனியாகப் பார். அங்கேதான் அதிகம் தின்றிருக்கும். 2013ல் இங்கிலாந்துக் கடலிலிருந்து தூக்கிய டோர்னியர் 17 ஜெர்மன் விமானத்தைக் கூடாரத்துக்குள் வைத்து, எலுமிச்சையில் இருக்கும் அதே சிட்ரிக் அமிலத்தைக் காரம் (அல்கலி) சேர்த்துச் சமப்படுத்தி மாதக்கணக்கில் தெளித்தார்கள். நீ வீட்டில் எலுமிச்சம்பழம் பிழிந்து முயற்சி செய்யாதே, அளவு தப்பினால் மிச்சத்தையும் அது தின்றுவிடும்.

நிமிர்த்துவது இதற்குப் பிறகுதான். விதி ஒன்றுதான்: கடைசியாக மடிந்த மடிப்பை முதலில் திற. மோதலில் எது முதலில் மடங்கியது, எது அதன் மேல் மடங்கியது என்று யோசித்துப் பின்னோக்கிப் போ. புளியங்கட்டைச் சுத்தி, மணல் மூட்டை, பொறுமை. இரும்புச் சுத்தி அடித்தால் தகடு நீண்டுவிடும், ஓட்டைகள் ஒத்துவராது. சாதா அலுமினியத்தில் 501 பார் சோப்பைத் தேய்த்து, கருக்கும்வரை சூடு காட்டி இளக்குவோமே, அந்த வேலையை இங்கே காட்டாதே. டியூரலுமினில் நூற்றுக்கு நாலு பங்கு செம்பு. அதன் பலமே சூட்டில் வைத்து, தண்ணீரில் அமிழ்த்தி, சில நாள் ஆறவிட்டு வருவது. 500 டிகிரிப் பக்கம் துல்லியமாகப் பிடிக்கும் உலை இல்லாமல் தொட்டால், பார்க்கத் தகடாகத்தான் இருக்கும், பலம் இருக்காது.

எனக்கு ஒரு விலா கொடுத்தார்கள், அதாவது தோல் தகட்டை உள்ளேயிருந்து தாங்கி வடிவம் கொடுக்கும் சட்டம். அதைப் புதிதாகவே செய்ய வேண்டியிருந்தது. பழையதைப் பேப்பரில் எடுத்து, கடினமான மரத்தில் அச்சு வெட்டினேன். ஓரத்தை மூன்று டிகிரி போலக் கூடுதலாகச் சாய்த்தேன், ஏனென்றால் மடித்த தகடு கொஞ்சம் திரும்பி எழும். மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை, நடுவில் தகடு, சுற்றிலும் சிறுகச் சிறுகத் தட்டு. ஒரே இடத்தில் முழுசாக மடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனால் சுருக்கம் விழும்.

ரிவெட் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். பழையதைக் கழற்ற உளி வேண்டாம், ஓட்டை நீண்டுவிடும். தலையின் நடுவில் சென்டர் பஞ்ச், ரிவெட் அளவு ட்ரில், தலையின் ஆழம் மட்டும். மிச்சத்தைக் குத்தூசியால் தட்டி எடு. புதியதற்கு நீளக் கணக்கு: சேரும் தகடுகளின் கனம், அதோடு ரிவெட் விட்டத்தில் ஒன்றரை மடங்கு. இரண்டு 20 கேஜ் தகட்டுக்கு 3.2 மில்லிமீட்டர் ரிவெட் என்றால் 1.8ம் 4.8ம், ஆக 6.6. ஓட்டையின் மையம் தகட்டு ஓரத்திலிருந்து விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். ஓட்டை போட்டதும் இரண்டு தகட்டையும் பிரித்துப் பிசிறை எடு. பஸ்ஸில் நாங்கள் இதைச் செய்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். பிறகு மூன்று ஓட்டைக்கு ஒன்று வீதம் கிளிகோ என்ற ஸ்பிரிங் பிடிப்பான் போட்டுப் பிடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போ. அடித்து நசுங்கிய ரிவெட் முனை விட்டத்தில் ஒன்றரை மடங்கு அகலம், விட்டத்தில் பாதி உயரம். அவ்வளவுதான், அதற்கு மேல் அடித்தால் வெடிக்கும்.

இரண்டு ஆள் வேலை இது. வெளியே ஒருவர் அடிக்க, உள்ளே ஒருவர் டோலி, அதாவது ரிவெட் முனைக்கு முட்டுக் கொடுக்கும் கனமான இரும்புக் கட்டை, பிடிக்க வேண்டும். எங்கள் பணிமனையில் "விடு, விடு!" என்று கத்துவோம். அங்கே என் ஆங்கிலத்துக்கு அது சரிப்படாது. டோலி பிடிப்பவர் தகட்டை ஒரு முறை தட்டினால் இன்னும் அடி, இரண்டு முறை என்றால் போதும், மூன்று என்றால் கெட்டுவிட்டது, கழற்று. எனக்குப் பிடித்த பாஷை. பெரிய டியூரலுமின் ரிவெட்டுகளைச் சூடாக்கி அமிழ்த்திய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ரீசரில் வைத்து அவை இறுகுவதைத் தள்ளிப்போடலாம். அந்தக் கொட்டகை ஃப்ரீசரில் ரிவெட் டப்பாவும் யாருடையதோ ஐஸ்கிரீமும் அக்கம்பக்கமாக இருக்கும்.

பெயிண்ட் பற்றி ஒரே வரி: அவசரப்படாதே. யோவில்டனில் கோர்செயர் விமானம் ஒன்றின் மேல் பிற்காலத்தில் பூசியதைச் சின்னச் சின்னக் கட்டமாகத் தேய்த்தெடுத்து, அடியில் இருந்த 1944ம் வருடத்துப் பெயிண்டை வெளியே கொண்டுவந்தார்கள். அதைக் கேட்ட அன்று எனக்கு அந்தக் கம்பி பிரஷ் மறுபடி ஞாபகம் வந்தது.

வேலூரில் பழக விமானம் தேவையில்லை. கழித்த பஸ்ஸின் பக்கத் தகடு காயலான் கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும். வேண்டுமென்றே காலால் மிதித்து நசுக்கு. பேப்பரில் படி, பின்னோக்கித் திற, மரத்தில் அச்சு வெட்டி ஒரு விலா செய், இருபது ரிவெட் அடி, இருபதையும் கழற்று. ஓட்டை அளவு மாறாமல் இருந்தால் தேறிவிட்டாய். அக்னி நட்சத்திரத்தில் காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள், அதற்கு மேல் தகட்டைத் தொட முடியாது.

கடைசியாக ஒரு வேலை உண்டு. புதிதாகச் செய்த எந்தத் துண்டின் உள்பக்கத்திலும் வருடமும் செய்த இடமும் குத்தி வைப்பார்கள், பின்னால் வருகிறவர் இதைப் பழையது என்று ஏமாறக்கூடாது என்பதற்காக. என் விலாவில் என்னையே குத்தச் சொன்னார்கள். எழுத்துப் பஞ்ச்சை எடுத்து காட்பாடி என்று ஆங்கிலத்தில் குத்தினேன். கை நடுங்கியதில் நடுவில் ஒரு எழுத்து தலைகீழாக விழுந்துவிட்டது. மாற்றவா என்று கேட்டேன். அதே டீக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, தகட்டை இரண்டு முறை தட்டினார்.