சிஏஜி ரிப்போர்ட்டை வெச்சு சண்டை போடுறப்போ நாம பண்ற தப்புகள்

2023 ஜூன்ல ஒடிசாவுல பாலசோர் ரயில் விபத்து நடந்துச்சே, 290 பேருக்கு மேல உயிர் போன விபத்து, அந்த வாரம் குடும்ப வாட்ஸப் குரூப்ல என் மச்சான் ஒரு மெசேஜ் போட்டாரு. "பாத்தியா மாப்ள, தண்டவாளத்துக்கு வெச்ச காசுல காலை அமுக்கிக்கிட்டு இருந்திருக்கானுங்க." ரயில் பாதுகாப்பு நிதியில கால் மசாஜர் வாங்கினாங்கங்கிற செய்திதான். விஷயம் பொய் இல்ல, சிஏஜி, அதாவது அரசாங்கச் செலவை ஆடிட் பண்ற தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அவங்க ரிப்போர்ட்லயே இருக்கு, ஆனா அந்த ரிப்போர்ட் பார்லிமென்ட்டுக்கு வந்தது 2022 டிசம்பர்ல. ஆறு மாசம் ஒருத்தரும் கண்டுக்கல, விபத்து நடந்ததும் எல்லாருக்கும் மசாஜர் ஞாபகம் வந்துருச்சு.

நான் ஒரு மத்திய அரசு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் செக்ஷன்ல இருந்தவன், ஆடிட் பார்ட்டிக்கு ஃபைல் தூக்கிக் கொடுத்தே பாதி சர்வீஸ் போயிருச்சு. அதனால இந்த மாதிரி செய்தி வரும்போதெல்லாம் எங்க சறுக்குறோம்னு கொஞ்சம் தெரியும். அதைத்தான் எழுதுறேன், ரயில்வேயையே உதாரணமா வெச்சுக்கிறேன், எல்லாருக்கும் தெரிஞ்ச துறை.

முதல் தப்பு, சிரிப்பு வர்ற ஐட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு பெரிய ஐட்டத்தை விட்டுர்றது. அந்த நிதிக்கு பேரு ராஷ்ட்ரிய ரயில் சன்ரக்ஷா கோஷ். 2017-18ல ஆரம்பிச்சாங்க, அஞ்சு வருஷத்துக்கு 1 லட்சம் கோடி, வருஷத்துக்கு 20,000 கோடி, அதுல 15,000 கோடி மத்திய பட்ஜெட்ல இருந்து, மீதி 5,000 கோடிய ரயில்வே தன் சொந்த வருமானத்துல இருந்து போடணும். சிஏஜி நாலு வருஷக் கணக்கைப் பாத்தாங்க. ரயில்வே தன் பங்கா 20,000 கோடி போட்டிருக்கணும், அதுல 15,775 கோடி போடவே இல்ல. முக்கால் பங்குக்கும் மேல துண்டு விழுந்திருக்கு! அதுதான் அந்த ரிப்போர்ட்டோட உயிர்நாடி. மசாஜர், பாத்திரம் பண்டம், ஃபர்னிச்சர், குளிர் ஜாக்கெட், தோட்டம், இதெல்லாம் சேத்து அவங்க வவுச்சர் பாத்த வரைக்கும் வந்தது 48 கோடி சொச்சம். 48 கோடி சின்னக் காசுன்னு சொல்லல, ஆனா 15,775 கோடி பக்கத்துல வெச்சுப் பாருங்க. மசாஜர்னா உடனே யாரோ ஆபீசர் வீட்டுக்குப் போயிருச்சுன்னும் முடிவு கட்டிராதீங்க, லோகோ பைலட்டுங்க டியூட்டி முடிச்சு படுக்கிற ரன்னிங் ரூம்ல கால் மசாஜர் வெக்கிற பழக்கம் ரயில்வேல உண்டு. எந்தத் தலைப்புல எந்தச் செலவை எழுதுறதுங்கிறதுதான் அங்க கேள்வி. தப்பான தலைப்புல எழுதுறதும் திருட்டும் ஒண்ணு இல்ல, ஆனா தப்பான தலைப்புல எழுதுற பழக்கம் இருக்கிற ஆபீஸ்ல திருட்டைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம், அதனாலதான் ஆடிட்டு அதுல அவ்வளவு கறாரா இருக்கும்.

அடுத்தது வருஷத்தைக் குழப்பிக்கிறது, இது ரொம்ப சகஜம். 2022 ரிப்போர்ட்னா 2022ல நடந்ததுன்னு நினைச்சுக்கிறோம். அந்த ரிப்போர்ட் பாத்தது 2017 ஏப்ரல்ல இருந்து 2021 மார்ச் வரைக்கும், அந்தக் காலத்துல நடந்த 217 பெரிய விபத்துல 163 தடம் புரண்டதுன்னு சொன்னது. ஆடிட் எப்பவுமே போஸ்ட்மார்ட்டம்தான், பல சமயம் அமைச்சர் மாறியிருப்பாரு, செக்ரட்டரி ரிட்டயர் ஆகியிருப்பாரு, ஏன் கட்சியே மாறியிருக்கும். ரிப்போர்ட் அட்டையில இருக்கிற வருஷத்தைப் பாத்துட்டு இப்ப இருக்கிற ஆளைத் திட்டுறதுக்கு முன்னாடி ஆடிட் பண்ணின காலம் எதுன்னு உள்ள ஒரு பார்வை பாத்துருங்க.

மூணாவது, ரிப்போர்ட்டைத் தீர்ப்பா எடுத்துக்கிறது. ரிப்போர்ட்ல வர்ற ஒவ்வொரு ஆட்சேபத்தையும் பாரான்னு சொல்வாங்க, ஒரு பாரா எப்படிப் பொறக்குதுன்னு நான் பாத்த ஒரு கதைய சொல்றேன். எங்க ஆபீஸ்ல ஒரு ஜீப் இருந்துச்சு, லாக்புக் எழுதணும், எங்க போனோம் எத்தனை கிலோமீட்டர்னு தினமும் எழுதணும், தினமும் யார் எழுதுறா. ஆடிட் பார்ட்டி வர்ற தகவல் தெரிஞ்சதும் டிரைவர் அண்ணன் ஒரே ராத்திரில உக்காந்து மூணு மாசத்தை எழுதி முடிச்சிட்டாரு. வந்த சீனியர் ஆபீசர் வயசானவரு, கண்ணாடியைத் தூக்கி நெத்தியில வெச்சுக்கிட்டு பக்கத்தைப் பொரட்டினாரு, விரலால எழுத்தைத் தடவிப் பாத்தாரு. "ஏம்ப்பா, மூணு மாசமா ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரு நாள்கூட மை தீரலையா?" அவ்வளவுதான் கேட்டாரு. சாயங்காலம் மெமோ வந்துருச்சு. அதுக்கு நாங்க பதில் எழுதினோம், பதில் சரியில்லன்னு இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்ல ஏறிருச்சு, அதுக்கு ஒரு பதில். பெரிய விஷயமா இருந்தா அதுக்கு மேல டிராஃப்ட் பாராவா டெல்லிக்குப் போயி, அமைச்சகம் பதில் சொல்லி, அப்புறம்தான் அச்சாகும். எங்க ஜீப் நடுவழியிலயே நின்னுருச்சு, பெரும்பாலான பாரா அப்படித்தான் நிக்கும். அதாவது அச்சுல வர்றது பல வடிகட்டி தாண்டி வந்தது, மதிப்புக் கொடுக்கணும். ஆனா அது குற்றப்பத்திரிகை கிடையாது, கோர்ட் தீர்ப்பும் கிடையாது.

இதைச் சொல்லும்போது 2ஜியை, அதாவது செல்போன் அலைக்கற்றை லைசென்ஸ் கொடுத்த விவகாரத்தை, தாண்டிப் போக முடியாது, நம்ம ஊர்ல அந்த நம்பர் தெரியாத ஆளே இல்ல. 1.76 லட்சம் கோடி. 2010 நவம்பர் ரிப்போர்ட்ல சிஏஜி ஒரு நம்பர் மட்டும் சொல்லல, கணக்குப் போடுற முறையைப் பொறுத்து 57,666 கோடில இருந்து 1,76,645 கோடி வரைக்கும் பல நம்பர் சொன்னாங்க, பெரிய நம்பர் 3ஜி ஏலத்து விலையை 2ஜிக்குப் போட்டா வர்றது. அதுலயும் 122 புது லைசென்ஸுக்கான பங்கு 1,02,498 கோடிதான், மீதி வேற கணக்கு. அனுமான இழப்புங்கிற வார்த்தையில அனுமானத்தை எல்லாரும் முழுங்கிட்டோம், ஏதோ பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போன மாதிரி பேசினோம். அதுக்காக ரிப்போர்ட்டே சும்மான்னு சொல்ற கோஷ்டியும் தப்புதான். 2012 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் அந்த 122 லைசென்ஸையும் ரத்து பண்ணுச்சு, 2017 டிசம்பர்ல ஸ்பெஷல் கோர்ட் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரையும் விடுதலை பண்ணுச்சு, அதுமேல சிபிஐ போட்ட அப்பீலை 2024 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட் விசாரணைக்கு எடுத்துக்கிச்சு. நிர்வாகம் தப்பா நடந்துச்சாங்கிறது ஒரு கேள்வி, யாராவது லஞ்சம் வாங்கினாங்கன்னு நிரூபிச்சாங்களாங்கிறது வேற கேள்வி, ரெண்டுக்கும் ஒரே பதில் வரணும்னு அவசியம் இல்ல.

சரி, ரிப்போர்ட் பார்லிமென்ட்டுக்கு வந்துருச்சு, அப்புறம் சபையில நாள் கணக்கா விவாதிப்பாங்கன்னு நினைச்சா அதுவும் தப்பு. சிஏஜி ரிப்போர்ட் நேரா பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும், பிஏசின்னு சொல்வாங்க, 1921ல இருந்து இருக்கு. லோக்சபால இருந்து 15 பேர், ராஜ்யசபால இருந்து 7 பேர், அமைச்சர் யாரும் உறுப்பினரா இருக்க முடியாது, 1967ல இருந்து எதிர்க்கட்சிக்காரர்தான் தலைவர். அமைச்சரைக் கூப்பிட்டு விசாரிக்கிற வழக்கம் அங்க கிடையாது, செக்ரட்டரிதான் வந்து உக்காரணும், ரயில்வேன்னா ரயில்வே போர்டு சேர்மன். 2ஜி சமயத்துல பிரதமரா இருந்த மன்மோகன் சிங் நானே பிஏசி முன்னாடி வர்றேன்னு சொன்னது அதனாலதான் அவ்வளவு பெரிய செய்தி ஆச்சு. கூட்டம் மூடின கதவுக்குள்ள நடக்கும், டிவியில வராது. யாரையும் ஜெயிலுக்கு அனுப்புற பவரும் இல்ல, பரிந்துரைதான். எதிர்க்கட்சிக்காரர் தலைவரா இருந்தாலே கட்சி பாக்காம வேலை நடக்கும்னும் நம்பிராதீங்க, 2011 ஏப்ரல்ல அப்ப பிஏசி தலைவரா இருந்த முரளி மனோகர் ஜோஷி கொண்டுவந்த 2ஜி டிராஃப்ட் ரிப்போர்ட்டை மொத்தம் 21 உறுப்பினர்ல 11 பேர் எதிர்த்து நின்னு கவுத்துட்டாங்க.

பிஏசியையும் துறைவாரி நிலைக்குழுவையும் ஒண்ணா போட்டுக் குழப்புறவங்களும் நிறைய. பிஏசி செலவு பண்ணி முடிச்சதைப் பாக்கும். நிலைக்குழு 1993ல வந்தது, பட்ஜெட்ல துறை கேக்கிற பணத்தை ஓட்டுக்கு விடுறதுக்கு முன்னாடி பாக்கும், ரயில்வேக்குத் தனிக் குழுவே இருக்கு. உண்மையைச் சொன்னா உருப்படியான கேள்வியெல்லாம் குழுவுலதான் வருது, ஏன்னா சபையில கில்லட்டின் போட்டுருவாங்க, விவாதிக்காத மானியக் கோரிக்கை, அதாவது துறைங்க கேக்கிற பணம், எல்லாத்தையும் மூட்டை கட்டி ஒரே ஓட்டுல பாஸ் பண்றது. 2018லயும் 2023லயும் லோக்சபால ஒரு துறையோட கோரிக்கையைக்கூட விவாதிக்காம அப்படியே பாஸ் பண்ணினாங்க. அந்த நாள் டிவியில கூச்சலை மட்டும் பாத்துட்டு நாம சேனலை மாத்திட்டோம்.

இன்னொண்ணு, மிச்சம் புடிச்சிட்டாங்கன்னு சந்தோஷப்படுறது. அரசாங்கக் கணக்குல சேமிப்புன்னு போட்டிருந்தா சிக்கனம்னு அர்த்தம் இல்ல, ஓட்டுப் போட்டு வாங்கின பணத்தைச் செலவு பண்ணலன்னு அர்த்தம். பாலம் கட்ட வாங்கின காசு செலவாகலன்னா பாலம் வரலன்னுதான அர்த்தம். செலவு பண்ண முடியாதுன்னு தெரிஞ்சா மார்ச் 31க்கு முன்னாடியே சரண்டர் பண்ணணும், அதாவது திருப்பிக் கொடுத்துரணும், எங்க, கடைசி வாரத்துலதான் எல்லாருக்கும் சுறுசுறுப்பு வரும். கடைசி மூணு மாசத்துல 33 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, மார்ச்ல மட்டும் 15 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு நிதி அமைச்சகம் வரம்பு வெச்சிருக்கு. இருந்தும் மார்ச் கடைசில எங்க செக்ஷன்ல ராத்திரி பதினோரு மணிக்கு பரோட்டா பார்சல் வாங்கி வெச்சுக்கிட்டு பில் பாஸ் பண்ணின கதையெல்லாம் உண்டு, நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

வரவுப் பக்கமும் இதே வித்தை நடக்கும். 2017-18ல ரயில்வே ஆபரேட்டிங் ரேஷியோ 98.44, அதாவது நூறு ரூபா சம்பாதிக்க 98 ரூபா 44 காசு செலவு. அதுவே பத்து வருஷத்துல ரொம்ப மோசம்னு சிஏஜி சொல்லிட்டு, அரசு கம்பெனிகளான என்டிபிசியும் இர்கானும் கொடுத்த 7,000 கோடிக்கு மேல அட்வான்ஸைக் கழிச்சுப் பாத்தா 102.66 வருதுன்னும் எழுதினாங்க. வருமானத்தை விட செலவு அதிகம்! ஒரு சதவீதத்தைப் பாத்ததும் அது எப்படி வந்துச்சுன்னு கேக்காம ஷேர் பண்றதும் இந்த லிஸ்ட்ல சேரும்.

சாம்பிளை மொத்தமா எடுத்துக்கிறது சின்னத் தப்பு, இருந்தாலும் சொல்லிர்றேன். 2017 ஜூலைல வந்த ரயில் சாப்பாடு ரிப்போர்ட், மனுஷன் சாப்பிட லாயக்கில்லாத ஐட்டம்லாம் விக்கிறாங்கன்னு வந்துச்சே, அது 74 ஸ்டேஷன், 80 ரயில்ல போயி பாத்தது. குழாய்த் தண்ணியை அப்படியே பானத்துல ஊத்துறது, குப்பைத்தொட்டிக்கு மூடி இல்லாதது, பில் கொடுக்காதது, எலி, கரப்பான். நாம தினம் பாக்கிறதுதான், ஆனா நாலு பேர் நோட்டு எடுத்துக்கிட்டுப் போயி எழுதும்போது அது ஆவணம் ஆயிருது. நாட்டுல ஓடுற எல்லா ரயிலையும் பாத்துட்டாங்கன்னு மட்டும் எழுதாதீங்க.

கடைசியா, என்னைக் கேட்டா பெரிய தப்பு இதுதான், துறையோட பதிலையும் அதுக்கப்புறம் நடந்ததையும் படிக்காம விடுறது. ஒவ்வொரு பாராவுக்குக் கீழயும் அமைச்சகம் என்ன சொல்லுச்சுன்னு போட்டிருப்பாங்க, அதுக்கடுத்து இந்த பதில் ஏற்கத்தக்கதல்லன்னு சிஏஜி காரணத்தோட எழுதியிருப்பாங்க, அந்த ரெண்டு பத்தியைப் படிச்சா பாதி விவகாரம் புரிஞ்சிரும். ரிப்போர்ட் வெச்ச நாலு மாசத்துக்குள்ள துறை என்ன நடவடிக்கை எடுத்தோம்னு குறிப்பு அனுப்பணும். பிஏசி ஒரு விஷயத்தை எடுத்து ரிப்போர்ட் கொடுத்தா, அதுக்கு அரசாங்கம் என்ன பண்ணுச்சுன்னு இன்னொரு ரிப்போர்ட் வரும், ஆக்ஷன் டேக்கன் ரிப்போர்ட், லோக்சபா வெப்சைட்லயே கிடைக்கும். நேரம் இல்லன்னா அரசு ஏத்துக்கிட்ட பரிந்துரைங்கிற ரெண்டாவது அத்தியாயத்தைத் தாண்டிட்டு நேரா நாலாவதுக்குப் போங்க, அரசாங்கம் சொன்ன பதிலை குழு ஏத்துக்காம திருப்பிக் கேட்டது எல்லாம் அங்கதான் இருக்கும். அஞ்சாவதுல இருக்கிறது இன்னும் இடைக்கால பதில்லயே தொங்குறது, சிலது அங்கயே பல வருஷம் தொங்கும்.