பிரண்டைத் துவையல்: நாக்கு அரிக்காமல் செய்வது எப்படி?

தோட்டத்து வேலியில் பிரண்டை தளதளவென்று படர்ந்திருக்கும். ஆனால் பறித்துச் சமைக்கத்தான் பலருக்குப் பயம். ஒருமுறை நாக்கு அரித்துவிட்டால் அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். பசியின்மைக்கும் செரியாமைக்கும் மூலத்துக்கும் சித்த மருத்துவத்தில் காலங்காலமாகச் சொல்லப்படும் கொடி இது. அரிப்புக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள்.

தண்டுக்குள் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் அரிப்புக்குக் காரணம். இவை தண்ணீரில் கரையாது. அதனால் எத்தனை முறை அலசினாலும் அரிப்பு போகாது. பறிப்பதிலும் வதக்குவதிலும்தான் கவனம் வேண்டும்.

முதலில் பறிப்பது. கொடியின் நுனியிலிருந்து இரண்டு மூன்று கணுக்கள் மட்டும் போதும். ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். நார் இழுத்துக்கொண்டு வந்தால் அது முற்றல், துவையலுக்கு ஆகாது. அதை வீணாக்காமல் ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றி வையுங்கள், வேர் பிடித்துவிடும்.

அடுத்து, இரண்டு கைகளிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். இலை, பற்றுக்கம்பி, கணு மூன்றையும் நீக்குங்கள். பிரண்டைக்கு நான்கு பட்டை. அந்த நான்கு ஓரங்களிலும் இருக்கும் நாரை முருங்கைக்காய்க்கு உரிப்பது போல இழுத்து எடுத்துவிட்டு, பொடியாக நறுக்குங்கள்.

இனி வதக்கல். ஒரு கைப்பிடி பிரண்டைக்கு இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், சிறு தீ. முதலில் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். அதைப் பார்த்து இறக்கிவிடக் கூடாது. நான் முதல் தடவை அப்படித்தான் இறக்கினேன், சாயங்காலம் வரை தொண்டை நமநமவென்று இருந்தது. பச்சை மங்கிப் பழுப்பேறி, துண்டுகள் சுருங்கி, பச்சை வாசனை அடங்க வேண்டும். பத்து நிமிடமாவது ஆகும்.

அப்புறம் சுலபம். உளுந்து இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய் வற்றல் நான்கு, கொஞ்சம் பெருங்காயம் வறுத்து, நெல்லிக்காய் அளவு புளியும் உப்பும் சேர்த்து அரையுங்கள். புளியைக் குறைக்காதீர்கள், அரிப்பை அடக்குவதில் அதற்கும் பங்கு உண்டு. சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டு, முதல் பிடியாகச் சாப்பிடலாம். வாரம் ஒருமுறை போதும்.

பிரண்டைக்கு வச்சிரவல்லி என்றும் பெயர். எலும்பு முறிவுக்கு அரைத்துப் பற்றுப் போடும் வழக்கம் உண்டு. ஆனால் அடிபட்டால் முதலில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். விலகிய எலும்பைப் பற்று நேராக்காது. சிறுநீரகக் கல் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் பிரண்டை சாப்பிட வேண்டாம்.