கினிப்பன்றி வளர்க்கத் தொடங்குவோருக்கு: நிறை பார்ப்பதும் சோடி சேர்ப்பதும்

கினிப்பன்றி வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள். "நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று ஏன் சாப்பிடவில்லை?" என்பது ஒன்று, "ஒன்றை மட்டும் வளர்த்தால் போதாதா?" என்பது மற்றது. இவ்விரண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும் கேள்விகள். அந்தீசு மலைப்பகுதியைத் தாயகமாகக் கொண்ட இவ்விலங்கின் முன்னோர் கூட்டமாக வாழ்ந்து பிற விலங்குகளுக்கு இரையானவை என்பதால், நோயை வெளிக்காட்டாமல் மறைப்பது இதற்குப் பிறவிக்குணம். தனியே அடைபட்ட கினிப்பன்றி மூலையில் ஒடுங்கிக் கிடக்கும்போது "இது அமைதியான சாதி" என்று நாம் எண்ணிவிடுகிறோம். நோயால் ஒடுங்குவதும் தனிமையால் ஒடுங்குவதும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். சுவிற்சர்லாந்தில் 2008ஆம் ஆண்டிலிருந்து கினிப்பன்றியைத் துணையின்றி வளர்ப்பதைச் சட்டமே தடுக்கிறது.

முதலாவது படி, ஒரு தராசு வாங்குவது. சமையலறையில் மா நிறுக்கும் மின்தராசு போதும். நான் சிறிய பனையோலைக் கடகமொன்றைத் தராசில் வைத்து, அளவைச் சுழியமாக்கி, உள்ளே இரண்டு அறுகம்புல் போட்டுவிட்டு கினிப்பன்றியை இறக்குவேன். அது புல்லை மெல்லும் அந்த அரை நிமிடம் அசையாமல் இருக்கும். ஞாயிறு காலையில், தீன் வைப்பதற்கு முன், ஒரே நேரத்தில் நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். வளர்ந்த கினிப்பன்றி 700 முதல் 1200 கிராம் வரை இருக்கும். ஒரு கிழமையில் 50 கிராம் குறைந்தால் கவனம் தேவை. உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். கண்ணுக்கு நோய் தெரியும் முன்னரே தராசு அதைச் சொல்லிவிடும்.

இரண்டாவது படி, தீன். இதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், அவை தேய்வதற்கும் குடல் இயங்குவதற்கும் எந்நேரமும் புல் வேண்டும். அறுகம்புல்லைப் பச்சையாகவும் உலர்த்தியும் கொடுக்கலாம். வைக்கோலில் சத்துக் குறைவு, படுக்கைக்கு மட்டும் அது உதவும். வெங்காயத் தோட்டத்து வரம்பில் புல் அறுக்காதீர்கள், அங்கே தெளித்த மருந்து புல்லிலும் படிந்திருக்கும். வெங்காயமும் இதற்கு ஆகாது. மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் விற்றமின் சியைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. அது கிடைக்காதபோது மூட்டு வீங்கி, நடக்கத் தயங்கி, உரோமம் பொலிவிழக்கும். நாள்தோறும் கறிமிளகாயில் ஒரு துண்டும், கொய்யாவில் சிறு துண்டும் கொடுத்தால் அக்குறை பெரும்பாலும் வராது. முருங்கையிலையில் சுண்ணாம்புச்சத்து மிகுதி, சிறுநீர்ப்பையில் கல் உண்டாகக்கூடும் என்பதால் அதை எப்போதாவது மட்டும் கொடுங்கள்.

மூன்றாவது படியாகிய துணை சேர்ப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். நானும் பட்டேன். இரண்டும் பெண் என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னதை நம்பி வாங்கினேன்; இரண்டரை மாதத்தில் மூன்று குட்டிகள் பிறந்தன. தாய் இளவயதாக இருந்ததால் தப்பியது. ஏறத்தாழ ஆறேழு மாத வயதுக்குள் குட்டி ஈனாத பெண்ணுக்கு இடுப்பெலும்பு இறுகிவிடும் என்பதால், அதன்பின் வரும் முதற் பிரசவம் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே ஆணா பெண்ணா என்று பார்க்க நீங்களே பழகுங்கள்: மடியில் மல்லாத்திப் பிடித்து, பிறப்புறுப்புக்குச் சற்று மேலே விரலால் மெல்ல அழுத்தினால் ஆணுக்கு உறுப்பு வெளியே தெரியும். பிறந்த ஆண் குட்டிகளை மூன்று கிழமையில் தாயிடமிருந்து பிரித்துவிட வேண்டும். துணையென்று முயலைச் சேர்க்காதீர்கள். முயலுக்குத் தீங்கு செய்யாத கிருமி கினிப்பன்றிக்கு நுரையீரல் நோயைக் கொடுக்கும்.

புதியதை இரண்டு கிழமை வேறு அறையில் வைத்து, தும்மல், சொறி, உரோம உதிர்வு உண்டா என்று பாருங்கள். பிறகு இரண்டுக்கும் புதிதான ஓரிடத்தில், விறாந்தையில் துவாயொன்றை விரித்து நடுவில் பெரிய புற்குவியல் வைத்து, இரண்டையும் ஒன்றாக விடுங்கள். ஒன்று மற்றதைத் துரத்துவதும், உறுமியபடி இடுப்பை ஆட்டி நடப்பதும், மேலே ஏறுவதும் வழமையானவை. அவற்றைக் கண்டு பிரித்தால் மறுநாள் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பற்களை நறநறவென்று கடித்தபடி தலையை நிமிர்த்தினால் விழிப்பாக இருங்கள். இரத்தம் வந்தால் மட்டும், கையில் துவாய் சுற்றிக்கொண்டு இரண்டையும் பிரித்துவிடுங்கள். கூடு 4 அடிக்கு 2 அடியேனும் இருக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தலும் தீன்தட்டும் இரண்டிரண்டாக இருக்கட்டும். ஒளிந்துகொள்ளும் பெட்டிக்கு இரு வாசல் வெட்டிவிட்டால் ஒன்று மற்றதை உள்ளே மடக்க முடியாது.

சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் கூட்டை வைக்கவே கூடாது. 28 பாகைக்கு மேல் வெப்பம் ஏறினால் இவற்றுக்கு ஆபத்து. உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வைத்தால் இரண்டும் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

பன்னிரண்டு மணித்தியாலம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். குடல் இயக்கம் நின்றுவிட்டால் ஒரு நாளிலேயே உயிர் போகக்கூடும். வைத்தியர் பெரும்பாலும் மாடும் நாயும் பார்ப்பவராக இருக்கலாம், ஆகையால் பென்சிலின், அமொக்சிசிலின் மருந்துகள் கினிப்பன்றியின் குடற் கிருமிகளை அழித்து அதைக் கொன்றுவிடும் என்பதை மரியாதையாக நினைவூட்டுங்கள். செல்லும்போது சுகமாக உள்ள துணையையும் அதே பெட்டியில் கொண்டு செல்லுங்கள். நோயாளி பயம் குறைந்து இருக்கும், துணை புல் மெல்லும் சத்தம் கேட்டுத் தானும் ஒரு இதழைக் கடித்துப் பார்ப்பதும் உண்டு. வீடு திரும்பியபின் இரண்டையும் நாள்தோறும் நிறுத்து எழுதுங்கள். நோயாளியின் நிறை பழைய அளவுக்கு வந்த பின்னரே கிழமைக்கு ஒருமுறை என்ற வழக்கத்துக்குத் திரும்பலாம்.